பேரலில் துரு: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

மழையும் புழுக்கமுமாகக் கோடை கழியும் சமயத்தில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரைப் பக்கத்திலிருந்து துருவைப் பற்றிய கடிதங்கள் நிறைய வருகின்றன. இந்த முறை கைத்துப்பாக்கி பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். உரிமம் உள்ளவர் தம்முடைய சொந்தத் துப்பாக்கியைப் பராமரிப்பதற்கான பதில்கள் இவை.

எல்லாப் பதிலுக்கும் முதல் படி ஒன்றுதான். பிஸ்டலானால் மேகசினை (தோட்டாப் பெட்டியை) கழற்றி, ஸ்லைடை (மேலே நகரும் பாகத்தை) பின்னுக்கு இழுத்துப் பூட்டி, சேம்பரை (தோட்டா உட்காரும் அறையை) கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டும் தடவிப் பாருங்கள். ரிவால்வரானால் சிலிண்டரை வெளியே தள்ளி, எல்லா அறைகளும் காலி என்று எண்ணிப் பாருங்கள். தோட்டாக்கள் வீட்டின் வேறு அறைக்குப் போய்விட வேண்டும். அதன் பிறகுதான் எண்ணெய்ப் புட்டியைத் திறக்க வேண்டும்.

கேள்வி: என்னுடைய 9 எம்.எம். பிஸ்டலைத் தோல் உறையோடு சேஃபில் வைத்திருந்தேன். பல மாதம் கழித்து எடுத்தால், பேரலின் (குழலின்) வெளிப்புறமெல்லாம் செம்பழுப்புப் புள்ளிகள். ஓரிரு இடத்தில் தடவினால் சொரசொரப்பாக இருக்கிறது. வினிகரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டால் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார் மச்சான். செய்யலாமா?
– வாசகர், டொங்காட்

பதில்: வேண்டாம். துரு போவது உண்மைதான், ஆனால் கூடவே பேரலின் கருநீல நிறமும் போய்விடும். அந்த நிறம் பெயின்ட் அல்ல. ப்ளூயிங் என்பதே இரும்பின் கறுப்பு ஆக்சைடு, அதாவது மேக்னடைட். அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். சிவப்புத் துருவும் இரும்பு ஆக்சைடே என்பதால் அமிலத்துக்கு இரண்டும் ஒன்றுதான். காலையில் எடுத்துப் பார்த்தால் சாம்பல் நிற வெற்று எஃகு இருக்கும். டொங்காட் காற்றில் சில மணி நேரத்துக்குள் அது முழுவதும் புதுத் துரு படரும். பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கிகளும் இதையே செய்யும். அமிலமில்லை என்று சொல்லி விற்கும் ஊறவைக்கும் திரவங்களும் ப்ளூயிங்கை எடுத்துவிடும். ஸ்பிரிங் போன்ற கெட்டிப்படுத்திய பாகங்கள் அமிலத்தில் கிடந்தால் எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து, பின்னால் ஒருநாள் பட்டென்று ஒடியலாம்.

சிவப்பை எடுக்க வேண்டும், கறுப்பைத் தொடக் கூடாது. அதற்கு எண்ணெய், 0000 நம்பர் ஸ்டீல் வுல் (மிக மெல்லிய எஃகு இழைப் பஞ்சு), பொறுமை மூன்றும் போதும்.

முதலில் பேரலைத் தனியே கழற்றுங்கள். உடனே எண்ணெய் போடாதீர்கள். தோல் உறையில் கிடந்த பேரலில் வியர்வை உப்பும், தோல் பதனிட்ட ரசாயனமும் ஒட்டியிருக்கும். அதன்மேல் எண்ணெய் பூசினால் உப்பு அடியில் மாட்டிக்கொண்டு தன் வேலையைத் தொடரும். சுடுதண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஓரிரு சொட்டு விட்டு, பழைய பல் பிரஷ்ஷால் உள்ளும் புறமும் தேய்த்துக் கழுவுங்கள். கடைசி அலசலுக்குக் கார் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் நல்லது (பேட்டரி அமிலம் அல்ல). அதில் உப்புகள் இல்லை. துடைத்து, ஹேர் டிரையரால் பேரல் கைக்குச் சூடாகும்வரை காய வையுங்கள்.

பிறகு சி.எல்.பி. வகைத் (சுத்தம் செய்து, வழவழப்பாக்கி, துரு காக்கும்) துப்பாக்கி எண்ணெயைத் தாராளமாகப் பூசி, எண்ணெயில் நனைத்த பருத்தித் துணியில் சுற்றி 24 மணி நேரம் வையுங்கள். சொரசொரப்பான இடங்களுக்கு 48 மணி நேரம். Q20, டபிள்யூடி-40 என்னும் ஸ்பிரே எண்ணெய்கள் இரண்டும் துருவை இளக்கப் பயன்படும், ஆனால் காவலுக்கு நிற்காது. ஊறும் நேரத்திலும் அது துப்பாக்கிதான், பேரல் மட்டுமே என்றாலும். ஒரு தட்டில் வைத்துச் சேஃபுக்குள்ளேயே பூட்டுங்கள், மேசையில் விட்டுவிடாதீர்கள்.

மறுநாள் தடித்த திட்டுகளைச் செம்பு விளிம்பால் சுரண்டுங்கள். செம்பு எஃகைவிட மிருதுவானது, துருவை எடுக்கும், எஃகில் கீறல் போடாது. நாணயத்தைப் பயன்படுத்துவதானால் முதலில் காந்தம் வைத்துப் பாருங்கள். நம் ஐந்து சென்ட் நாணயத்தின் மேல்தான் செம்பு, உள்ளே எஃகு. காந்தம் இழுத்தால் அது இந்த வேலைக்கு ஆகாது. சிறு செம்புக் குழாய்த் துண்டைத் தட்டித் தட்டையாக்கினால் அதுவே நல்ல கருவி.

அடுத்து ஸ்டீல் வுல். ஹார்டுவேர் கடையில் நான்கு சைபர் என்று கேட்டு வாங்குங்கள். பாத்திரம் தேய்க்கும் முரட்டு வகை வேண்டவே வேண்டாம். கட்டைவிரல் நுனி அளவு கிள்ளி எண்ணெயில் நனைத்து, பேரலின் நீளவாக்கில், விரலின் கனம் மட்டும் படும்படி பத்துப் பதினைந்து முறை தேயுங்கள். வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் செங்கல் நிறக் கறை வரும்வரை நீங்கள் எடுப்பது துரு. அந்த நிறம் மங்கி, நீலம் கலந்த கறுப்புச் சாயல் துணியில் தெரியத் தொடங்கினால் கையை எடுத்துவிடுங்கள், இனி வருவது ப்ளூயிங். பஞ்சு நிறைந்ததும் புதிதாகக் கிள்ளிக்கொள்ளுங்கள். பழையதால் தேய்த்தால் துருத் தூளையே உப்புத்தாளாக்கித் தேய்ப்பதாகும்.

வரிசை எண் பொறித்த இடத்தில் ஸ்டீல் வுல் படக் கூடாது. எண்ணெயும் பல் பிரஷ்ஷும் போதும். எண் மங்கிப்போனால் துரு பிடித்தது, தேய்த்தேன் என்று காவல் நிலையத்தில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டி வரும். சேம்பருக்குக் கீழே தோட்டா ஏறிவரும் சரிவையும், ஸ்லைடோடு பூட்டிக்கொள்ளும் விளிம்புகளையும் மெருகேற்ற வேண்டாம். அங்கே அளவு மாறினால் துப்பாக்கி ஓட்டத்திலேயே கோளாறு வரும்.

முடித்ததும் துணி சுற்றிய காந்தத்தைப் பேரல் மீதும் ஸ்லைடுக்குள்ளும் ஓட்டுங்கள். உதிர்ந்த எஃகு இழைகள் அதில் ஒட்டி வரும். விட்டுவிட்டால் அந்த இழைகளே துருப்பிடிக்கும், ட்ரிகர் பகுதிக்குள் போய்ச் சிக்கவும் செய்யும்.

ஒரு வாரம் கழித்து வெளிச்சத்தில் பாருங்கள். அதே இடத்தில் மறுபடி செம்மை தட்டியிருந்தால் குழிக்குள் உப்போ துருவோ மிச்சமிருக்கிறது. அப்போது கொதிக்கவைக்கும் முறைதான் எங்களுக்குப் பிடித்தது. பேரலை அசிட்டோனால் துடைத்து எண்ணெய் துளிகூட இல்லாமல் ஆக்குங்கள். சமையலுக்குப் பயன்படுத்தாத ஸ்டெயின்லெஸ் பாத்திரத்தில் பேட்டரித் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, முழுக்க மூழ்கியபடி 20 முதல் 30 நிமிடம் வையுங்கள். சிவப்பு ஆக்சைடு கறுப்பு ஆக்சைடாக மாறும், அதாவது துருவே ப்ளூயிங் ஆகிறது. வெளியே எடுத்ததும் சூட்டில் தண்ணீர் நொடியில் காயும். மேலே கறுத்த தூள் படிந்திருக்கும். எண்ணெய் நீக்கிய 0000 பஞ்சால் அதை மெல்லத் துடைத்து, சூடு ஆறுமுன் எண்ணெய் பூசிவிடுங்கள். குழி விழுந்த இடம் குழியாகத்தான் இருக்கும், ஆனால் கறுப்பாக, ஆடாமல் அசையாமல் நிற்கும். பேரலோடு பிளாஸ்டிக், ரப்பர், ஒளிரும் சைட் (குறிபார்க்கும் பாகம்) எதுவும் சேர்ந்திருந்தால் இந்த முறை ஆகாது.

தோல் உறையைத் திரும்பச் சேஃபுக்குள் வைக்காதீர்கள். இடுப்பில் அணிய மட்டும் அது.

கேள்வி: குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிறோமே, அது அமிலம் அல்லவே? எலுமிச்சை? அல்லது ஜிக் (வெளுக்கும் ப்ளீச்) ஊற்றித் துடைத்தால் என்ன?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: புளியிலும் டார்டாரிக் அமிலம் இருக்கிறது, எலுமிச்சையில் சிட்ரிக். பித்தளைக்கு நல்லது, ப்ளூயிங் செய்த எஃகுக்கு மேலே சொன்ன வினிகர் கதைதான். ஜிக் இன்னும் மோசம். அதிலுள்ள குளோரின் சேர்மம் ஸ்டெயின்லெஸ் எஃகையே குழி பறிக்கும்.

யாராவது ஏற்கனவே வினிகரிலோ புளியிலோ போட்டிருந்தால், உடனே எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்து அதில் அலசி, சுடுதண்ணீரில் கழுவி, காயவைத்து எண்ணெய் போடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

கேள்வி: .38 ஸ்பெஷல் ரிவால்வர். வெளியே ஒன்றுமில்லை. டார்ச் அடித்துக் குழலுக்குள் பார்த்தால் கருந்திட்டுகள் தெரிகின்றன. துருவா? சுடலாமா?
– வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: கருந்திட்டெல்லாம் துரு அல்ல. சால்வென்ட்டில் (அழுக்கைக் கரைக்கும் திரவத்தில்) நனைத்த வெள்ளைத் துணித்துண்டை உள்ளே ஓட்டிப் பாருங்கள். கன்னங்கரேல் என்று வந்தால் வெடிமருந்துக் கரி. வெள்ளி நிறச் செதில்கள் வந்தால் ஈயம். பழுப்பும் செம்மையுமாக வந்தால்தான் துரு. .357 மேக்னம் ரிவால்வரில் .38 சுடுபவர்கள் சிலிண்டர் அறைகளின் முன்பகுதியில் ஒரு கரிய வளையம் பார்ப்பார்கள். அதுவும் குட்டையான தோட்டா விட்ட கரிதான்.

துருவென்றால் வழி இது. பிஸ்டல் பேரலைச் சேம்பர் பக்கமிருந்து சுத்தம் செய்வார்கள். ரிவால்வரில் அதற்கு இடமில்லை, முனையிலிருந்துதான் ராடை (சுத்தம் செய்யும் கம்பியை) விட வேண்டும். அதனால் ராட் முனை விளிம்பில் உரசாதபடி பித்தளை அல்லது பிளாஸ்டிக் கைடு அவசியம். குண்டு குழலைவிட்டு வெளியேறும் கடைசி இடம் அந்த விளிம்பு. அது ஒருபக்கம் தேய்ந்தால் குண்டு விலகிப் போகும். துருவால் கெட்ட ரிவால்வர்களைவிட, கைடு இல்லாமல் ராட் விட்டுக் கெட்டவை அதிகம் என்பது எங்கள் கணிப்பு.

குழல் முழுவதும் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள். .38 அளவு வெண்கலப் பிரஷ்ஷை இருபது முறை, ஒவ்வொரு முறையும் மறுமுனையில் முழுதாக வெளிவரும்படி ஓட்டுங்கள். பாதியில் திருப்பினால் மயிர்கள் மடங்கிச் சிக்கிக்கொள்ளும். ஐந்து முறைக்கு ஒருதரம் பிரஷ்ஷை எண்ணெயில் நனைத்துக்கொள்ளுங்கள். பிறகு துணித்துண்டுகள், கறை குறையும்வரை. இன்னும் மிச்சமிருந்தால் தேய்ந்த பழைய பிரஷ்ஷில் 0000 இழைகளைச் சுற்றி, எண்ணெயோடு பத்துப் பதினைந்து முறை. கையால்தான், டிரில் மெஷினில் மாட்டிச் சுற்றக் கூடாது. குண்டைச் சுழற்றிவிட குழலுக்குள் வெட்டிய சுருள் வரிகளின் கூர்விளிம்பு மழுங்கிவிட்டால் திரும்பக் கிடைக்காது.

இத்தனைக்கும் பிறகு உள்ளே கறுப்புக் குழிகள் தெரியலாம். துரு தின்ற எஃகு திரும்ப வராது. அங்கங்கே மேலோட்டமான குழிகள் இருந்தால் ஈயம் சீக்கிரம் படியும், அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டியிருக்கும், பத்து மீட்டர் தூரத்தில் குறியில் பெரிதாக வித்தியாசம் தெரியாது. ஆனால் கீழ்க்கண்ட மூன்றில் ஒன்றைப் பார்த்தாலும் சுடக் கூடாது, பதிவுபெற்ற கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம்) கொண்டுபோக வேண்டும். ஒன்று, குழலுக்குள் முழு வட்டமாக ஒரு நிழல் வளையம்: குழல் அங்கே புடைத்திருக்கிறது. இரண்டு, சிலிண்டரை அடுத்துள்ள குழல் வாயில் மயிரிழை விரிசல். மூன்று, சிலிண்டர் அறைகளுக்குள் குழிகள்: சுடும்போது முழு அழுத்தமும் அங்கேதான், காலித் தோட்டாவும் அதில் பிடித்துக்கொண்டு வெளிவராது. புதுப் பேரல் வாங்கி நீங்களே மாட்டிக்கொள்வது இந்நாட்டில் முடியாது. 2000-ஆம் ஆண்டின் 60-ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பேரலுக்கே அனுமதி வேண்டும்.

சுடப் போகுமுன் குழலையும் அறைகளையும் காய்ந்த துணியால் எண்ணெய் போகத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வழுக்கும் அறையில் தோட்டாவின் பித்தளை சுவரைப் பிடிக்காமல் பின்னோக்கி முழு வேகத்தில் இடிக்கும். இளகிய எண்ணெய் தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் ப்ரைமருக்குள் இறங்கினால் சுடாமலே போகலாம், அது தற்காப்புக்கென வைத்திருப்பவருக்குப் பெரிய ஆபத்து.

பழைய ராணுவத் தோட்டா சுடுபவர்களுக்கு ஒன்று சேர்த்துச் சொல்கிறோம். அவற்றில் பலவற்றின் ப்ரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டபின் அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலில் படியும். சமையல் உப்பின் இனம், ஈரத்தை இழுக்கும். எண்ணெயில் அது கரையாது. அன்றைக்கே சுடுதண்ணீரில் கழுவிக் காயவைத்து, பிறகு எண்ணெய்.

கேள்வி: துருவை எடுத்த இடத்தில் நிறம் போய் வெள்ளையாகத் தெரிகிறது. கடையில் விற்கும் கோல்டு ப்ளூ (சூடுபடுத்தாமல் பூசும் ப்ளூயிங் திரவம்) பூசலாமா?
– வாசகர், வெருலம்

பதில்: பூசலாம், பார்வைக்கு மட்டும். துருவைத் தடுக்கும் சக்தி அதற்குக் குறைவு. அசிட்டோனால் எண்ணெய் நீக்கி, டிரையரால் இளஞ்சூடாக்கி, பஞ்சில் தொட்டு ஒரே வீச்சில் பூசி, ஒரு நிமிடத்துக்குள் தண்ணீரால் துடைத்து, எண்ணெயில்லாத 0000 பஞ்சால் லேசாகத் தேய்த்து, நிறம் பொருந்தும்வரை மூன்று நான்கு முறை செய்யுங்கள். திட்டுத்திட்டாகப் பிடித்தால் எண்ணெய்ப்பசை மிச்சமிருக்கிறது என்று பொருள். புது ஸ்டீல் வுல்லிலேயே தொழிற்சாலை எண்ணெய் இருக்கும், அதையும் அசிட்டோனில் அலசுங்கள். பல வகைகளில் செலினியம் சேர்மம் உண்டு, நஞ்சு. கையுறை, திறந்த ஜன்னல் இரண்டும் வேண்டும். முழுப் பேரலுக்கும் நிலைத்த நிறம் வேண்டுமானால் கன்ஸ்மித் செய்யும் சூட்டு ப்ளூயிங்தான்.

கேள்வி: ஸ்டெயின்லெஸ் பேரல், நிக்கல் பூசிய ரிவால்வர் இரண்டும் துருப்பிடிக்காது அல்லவா?
– வாசகர், ஸ்டாங்கர்

பதில்: பிடிக்கும், தாமதமாக. துப்பாக்கிக்கு வரும் ஸ்டெயின்லெஸ் காந்தத்தில் ஒட்டும் கெட்டி வகை, அடுக்களை வகையைவிடத் துரு எதிர்ப்பு குறைவு. அதில் சாதாரண ஸ்டீல் வுல் போடாதீர்கள், இரும்பு இழை பதிந்து அதுவே துருவாகும். நைலான் தேய்ப்பான் போதும். நிக்கலுக்குக் கீழே செம்புப் பூச்சு இருக்கலாம். அமோனியா கலந்த சால்வென்ட் கீறல் வழியே இறங்கிச் செம்பைக் கரைத்தால் நிக்கல் தோலாக உரியும். அங்கே எண்ணெயும் துணியும் மட்டும்.

கேள்வி: துரு திரும்ப வராமல் இருக்க என்ன எண்ணெய்? தேங்காய் எண்ணெய் போதுமா? சேஃபை எங்கே வைப்பது?
– வாசகி, இசிபிங்கோ

பதில்: தாவர எண்ணெய் எதுவும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். ஜூன், ஜூலைக் காலைகளில் டர்பனே அதற்குப் போதும். சூரியகாந்தி எண்ணெய் காற்றில் பிசின்போல இறுகி ஸ்லைடைப் பிடிக்கும். துரு காக்கும் துப்பாக்கி எண்ணெயை மெல்லிய படலமாகத் துணியால் பூசினால் போதும். பிறகு வெறுங்கையால் பேரலைத் தொடாதீர்கள். விரல்ரேகை வடிவிலேயே துரு எழுவதைப் பலர் பார்த்திருப்பார்கள்.

எஃகு ஏறத்தாழ 60 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் வேகமாகத் துருப்பிடிக்கும், கடல் உப்பு பட்டிருந்தால் அதற்குக் குறைவிலேயே. சேஃபுக்குள் சிறிய ஈரப்பத மானி வைத்து 45 முதல் 50 சதவீதத்தில் நிறுத்தப் பாருங்கள். சிறு சேஃபுக்கு 500 கிராம் ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் போதும். நிறம் மாறினால் தட்டில் பரப்பி ஓவனில் 110–120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். மின்சாரச் சூட்டுக் கம்பி நல்லதுதான், லோட்ஷெடிங் என்னும் மின்வெட்டு வந்தால் நின்றுவிடும். அதனால் ஜெல்லையும் கைவிடாதீர்கள். மழையடிக்கும் வெளிச்சுவரில் சேஃபைப் பொருத்தாமல் உள்சுவரில் பொருத்துங்கள். துப்பாக்கி சாய்ந்திருக்கும் ஸ்பாஞ்சை எடுத்துவிடுங்கள், அது ஈரத்தை உறிஞ்சி எஃகிலேயே வைத்து அழுத்தும். ஏ.சி. அறையிலிருந்து குளிர்ந்த துப்பாக்கியைப் புழுக்கத்துக்குக் கொண்டுவந்தால் வியர்க்கும், அப்படியே பூட்டாதீர்கள்.

மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை, மற்ற நாளில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துத் துடைத்தால் போதும்.

கேள்வி: காலமான அப்பாவின் ரிவால்வர் அலமாரியில் துணி சுற்றிக் கிடந்தது. துரு பிடித்துச் சிலிண்டர் திறக்கவே மாட்டேன் என்கிறது. என்னிடம் உரிமம் இல்லை. சுத்தம் செய்து அண்ணனிடம் கொடுக்கலாமா?
– வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: அம்மா, இதற்கு மட்டும் எண்ணெயும் வேண்டாம், துணியும் வேண்டாம். திறக்காத சிலிண்டருக்குள் தோட்டா இருக்கலாம், இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சுத்தியால் தட்டுவது, ஸ்க்ரூடிரைவரால் நெம்புவது, ட்ரிகரை இழுத்துப் பார்ப்பது எதுவும் கூடாது. குழல் முனை யார் பக்கமும் திரும்பாதபடி அப்படியே விட்டு, அறையைப் பூட்டிவிடுங்கள்.

உரிமம் பெற்றவர் இறந்தால், சொத்தை நிர்வகிக்கும் எக்சிக்யூட்டர்தான் துப்பாக்கியைச் சட்டப்படி பத்திரப்படுத்த வேண்டும். வாரிசு தம் பெயரில் உரிமம் வாங்கிய பிறகே அது அவர் கைக்கு வரும். அண்ணனுக்கு வேறு துப்பாக்கிக்கு உரிமம் இருந்தாலும் இதற்குத் தனியே வேண்டும். உங்கள் வட்டாரக் காவல் நிலையத்தில் துப்பாக்கிகளுக்கென நியமிக்கப்பட்ட அதிகாரி இருப்பார். அவருக்குத் தொலைபேசி செய்து, சிலிண்டர் பிடித்துக்கொண்டிருப்பதையும் தோட்டா இருக்கலாம் என்பதையும் முதலிலேயே சொல்லுங்கள். நீங்களாக எடுத்துக்கொண்டு போகாதீர்கள். எப்படி எடுப்பது, எந்த உரிமம் பெற்ற டீலரிடம் வைப்பது என்பதை அவர் சொல்வார்.

ஒப்படைக்கும்போது, கன்ஸ்மித்தைக் கொண்டு தோட்டாவை எடுத்து எண்ணெய் போட்டு வைக்கும்படி கேட்டு, அதை ரசீதிலும் எழுதி வாங்குங்கள். உரிம விண்ணப்பம் முடிய மாதங்கள் ஆகும். இந்த நிலையிலேயே கிடந்தால் அதற்குள் துரு குழலுக்குள்ளும் இறங்கிவிடும்.